இடதுசாரி அரசியல் நகரங்களைக் குலைக்கிறது என்ற விமர்சனம் வன்னிக்கு எவ்வளவு பொருந்தும்?

கேள்வி: ஓமந்தை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓமந்தைப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பிக்கிறேன். அரசியல் கருத்தியல்கள் பற்றிய பாடத்தைச் சென்ற வாரம் தொடங்கியபோது மாணவி ஒருத்தி எழுந்து கேள்வி கேட்டாள். இடதுசாரிகள் ஆண்ட நகரங்கள் எல்லாம் சீர்குலைந்து போவதாகக் கனடாவில் இருக்கும் தன் மாமா காணொளிகள் அனுப்பிச் சொல்கிறாராம். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் நமது மாவட்டத்திலும் இடதுசாரிகளான தேசிய மக்கள் சக்தியினரே முதலிடம் பெற்றதால் வவுனியாவும் அப்படி ஆகிவிடுமா என்று அறிய விரும்பினாள். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்கு நேர்மையான விடை என்னிடம் இருக்கவில்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் இரண்டைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது என்பதையும், கிளிநொச்சியை உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஆறில் மூன்றைப் பெற்றது என்பதையும் சொல்லிவிட்டு, மிகுதியை அடுத்த பாடத்துக்கு ஒத்திவைத்தேன்.

அதன் பிறகு ஒரு வாரமாக வாசித்து வருகிறேன். கன்சர்வேட்டிவ் என்பதற்கு நாம் எழுதும் பழமைவாதி என்ற சொல்லிலேயே ஓர் இகழ்ச்சி ஒட்டிக்கொண்டிருப்பதால், மரபு பேணுவோர் என்றே இங்கு எழுதுகிறேன். அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் இடங்கள் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளவை. ஒரிகன் மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு நடந்த பொது வாக்கெடுப்பின் விளைவாக, சிறிய அளவில் போதைப்பொருள் வைத்திருப்பது 2021 பெப்ரவரி முதல் குற்றமாகக் கருதப்படவில்லை. போர்ட்லண்ட் நகரத் தெருக்களில் வெளிப்படையான பாவனை பெருகியது என்ற முறைப்பாடுகளுக்குப் பின்னர், 2024 செப்டெம்பரில் அதே மாநிலம் அதை மீண்டும் குற்றமாக்கியது. கலிபோர்னியாவில் 950 டொலருக்குக் குறைந்த களவைச் சிறு குற்றமாக்கிய 2014ஆம் ஆண்டின் முடிவையும் வாக்காளர்களே 2024இல் ஓரளவு திருத்தினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் சீர்திருத்தவாதியான மாவட்ட வழக்குத்தொடுநர் 2022 ஜூனில் வாக்கெடுப்பின் மூலம் பதவி நீக்கப்பட்டார். இவை மூன்றும் இடதுசாரிச் சாய்வுள்ள வாக்காளர்கள் பெரும்பான்மையாக வாழும் இடங்களிலேயே நிகழ்ந்தன என்பதை மரபு பேணுவோர் தமக்குச் சாதகமான சான்றாகக் காட்டுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் மாமாவின் காணொளிகளில் வராத, இதைவிட ஆழமான ஒரு விமர்சனமும் இருக்கிறது. 1790இல் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதியபோது, மனிதன் தான் பிறந்த சிறு வட்டத்தின் மீது வைக்கும் பற்றிலிருந்தே நாட்டின் மீதான பற்றும் முளைக்கிறது என்றார். 1953இல் ரொபர்ட் நிஸ்பெட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அதை விரித்தெழுதினார். குடும்பம், கோயில், ஊர்ச் சங்கம், தொழிற்குழு ஆகியவை செய்துவந்த வேலைகளை அரசு தன் கையில் எடுத்துக்கொள்ளும்போது அவை அழிக்கப்படாமலேயே வெறும் கூடாகிவிடுகின்றன என்பதும், தனித்து நிற்கும் மனிதர் மேலும் அரசையே நாடுவர் என்பதும் அவர் வாதம்.

என் கேள்வி இதுதான். இந்த இரண்டாவது விமர்சனத்தை நமது நகரங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாமா? வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இந்நாட்டு இடதுசாரி அரசியல் எதை விட்டுச்சென்றது? அனுபவத்திலிருந்து எழுதுவோரின் விடைகளையே எதிர்பார்க்கிறேன். கட்சிச் சண்டையாக இதை மாற்ற வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: பண்டாரிக்குளத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வவுனியா நகரில் இரும்புச் சாமான் கடை நடத்துகிறேன். எனக்கு முன்னர் தகப்பனார் நடத்தினார். மரபு பேணும் பக்கத்தில் நிற்பவன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாக இருந்தன. நிதி அமைச்சு என்.எம். பெரேராவிடமும் வீடமைப்பு அமைச்சு பீற்றர் கெனமனிடமும் இருந்தன. அந்த அரசு 1972இல் வாடகைச் சட்டத்தையும், 1973இல் வீட்டு ஆதனங்களுக்கான உச்சவரம்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஒரு குடும்பம் இத்தனை வீடுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, மேலதிக வீட்டில் குடியிருப்பவர் அதை வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கொழும்பில் பல குடும்பங்கள் இதனால் சொந்த வீடு பெற்றன; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு விட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் நமது ஊர் வரைக்கும் வந்தது. எங்கள் உறவினர் ஒருவர் தமது கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளையும் ஆண்டுக்கணக்காகப் பூட்டியே வைத்திருந்தார். இடமாற்றத்தில் வந்த இளம் எழுதுவினைஞர்கள் அந்தப் பூட்டைக் கடந்து நடந்து போய் அறை தேடியதைத் தகப்பனார் பல முறை சொல்லியிருக்கிறார்.

இதே விளைவு சான் பிரான்சிஸ்கோவிலும் காணப்பட்டது. அங்கே 1994இல் சிறிய அடுக்கு வீடுகளுக்கும் வாடகைக் கட்டுப்பாடு நீட்டிக்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீட்டுரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளைச் சுமார் 15 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது, வெளியே நின்றவருக்கு வீடு அரிதானது. சட்டம் எழுதியவர்கள் ஏழையை நினைத்தே எழுதினார்கள் என்பதை நம்புகிறேன். ஆனாலும் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் இருந்த முகப்பழக்கமும் தவணை சொல்லிக் கொடுக்கும் இரக்கமும் போய், இருவரும் ஒருவரையொருவர் வழக்காளிகளாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இன்னுமொன்று. எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் மரண உதவிச் சங்கம் கூடாரமும் கதிரையும் அன்றே கொண்டுவரும். அந்தச் சங்கத்துக்கு இன்று ஐம்பது வயதுக்குக் குறைந்த உறுப்பினர்கள் மிகச் சிலரே. இளைஞர்களிடம் கேட்டால், அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும விண்ணப்பத்தைப் பற்றியும் பிரதேச செயலகத்தில் இருந்து என்ன வரும் என்பதைப் பற்றியுமே பேசுகிறார்கள். ஜனசவிய 1989இல் வந்தது, சமுர்த்தி 1995இல் வந்தது, அஸ்வெசும 2023இல் வந்தது. பெயர் மாறியதே தவிர, மேலிருந்து வருவதற்காகக் காத்திருக்கும் பழக்கம் மாறவில்லை. நிஸ்பெட் சொன்ன வெறுங்கூட்டை நான் எங்கள் தெருவிலேயே காண்கிறேன்.

பதில்: கனகராயன்

ஆசிரியர் தம்பிக்கும் பண்டாரிக்குளத்துத் தம்பிக்கும் வணக்கம். நான் 1969இல் பரந்தனுக்கு அண்மையில் ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, பின்னர் கூட்டுறவுத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். ஜனசவியவைத் தொடங்கியவர் பிரேமதாச, அவர் ஐக்கிய தேசியக் கட்சிக்காரர். அஸ்வெசும ரணில் விக்கிரமசிங்க ஆட்சியில், சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்பாடு இருந்த காலத்தில் வந்தது. இவற்றை இடதுசாரிகளின் கணக்கில் எழுத முடியாது. காத்திருக்கும் பழக்கம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை வளர்த்ததில் எல்லா நிறத்துக்கும் பங்கு உண்டு.

அடுத்தது, 1970 முதல் 1977 வரையிலான காலத்தை வவுனியாக் கடைத்தெருவிலிருந்து பார்ப்பதற்கும் விசுவமடுத் தோட்டத்திலிருந்து பார்ப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. நகரத்தில் பாண் வரிசை இருந்தது, சீத்தைத் துணிக்கும் கூப்பன் இருந்தது, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக முடியாதபடி தடைமரங்கள் இருந்தன. அதே காலத்தில் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி நிறுத்தப்பட்டதால், விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்ற பையன்கள் செத்தல் மிளகாய் விற்று மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் வாங்கினார்கள். கிளிநொச்சி ஒரு சந்தியாக இருந்த நிலையிலிருந்து பட்டினமாக எழும்பியதில் அந்த மிளகாய்க் காசுக்குப் பெரும் பங்கு உண்டு. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை விழுந்தது. அந்தப் பையன்களில் பலர் கடனோடு காணியைக் கைவிட்டுப் போனதையும் பார்த்தவன் நான். இடதுசாரி ஆட்சி நகரத்தை வருத்தியது என்று சொல்லும்போது, அந்த வருத்தம் எந்த ஊரின் மினுக்கத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது ஆசிரியர் கேட்ட இரண்டாவது விமர்சனத்துக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது, அந்த உண்மை என் சொந்த மேசையில் நடந்தது.

இந்த நாட்டில் கூட்டுறவு இயக்கம் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துடன் தொடங்குகிறது. நான் சேர்ந்த சங்கம் சிறியது. உறுப்பினர் ஒவ்வொருவரையும் மற்றவர் அறிவார். யாருடைய நெல் ஈரமானது, யார் கடனை அறுவடை வரை இழுப்பார், யாருடைய வீட்டில் மகளின் கலியாணம் வருகிறது என்பதெல்லாம் புத்தகத்தில் எழுதப்படாமலே செயற்குழுவுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை கூட்டம். கணக்கை உரத்து வாசிக்க வேண்டும், எழுத்தறியாத கிழவர்கூட இடையில் மறித்துக் கேள்வி கேட்பார். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க் குறைவுக்காக முகாமையாளரை இரண்டு மணிநேரம் நிற்க வைத்த கூட்டத்தை நான் கண்டிருக்கிறேன்.

1970இல் புதிய அரசு கூட்டுறவுச் சங்கங்களுக்கான விசேட ஏற்பாடுகள் சட்டத்தை நிறைவேற்றியது. நாடெங்கும் இருந்த ஆயிரக்கணக்கான சிறு சங்கங்கள் இணைக்கப்பட்டு நானூறுக்கும் குறைவான பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக ஆக்கப்பட்டன. பணிப்பாளர் சபையின் பெரும்பான்மையை அரசே நியமித்தது. நோக்கம் நல்லது என்றே அன்று நம்பினேன். சிறு சங்கங்களால் களஞ்சியம் கட்ட முடியாது, பாரவூர்தி வாங்க முடியாது, சில இடங்களில் ஒரே சாதிக்காரர் அல்லது ஒரே குடும்பம் சங்கத்தைப் பிடித்து வைத்திருந்தது என்பதும் உண்மை. ஆனால் இணைப்புக்குப் பிறகு என்ன நடந்தது? எங்கள் சங்கம் கிளையாகியது. கூட்டம் கிளைக்குழுக் கூட்டமாகியது. கணக்கு தலைமையகத்துக்குப் போனது. மறித்துக் கேள்வி கேட்ட கிழவர் இரண்டு தரம் வந்து, கேட்பதற்கு ஆள் இல்லை என்று கண்டு, மூன்றாம் தரம் வராமல் விட்டார். தமக்குரிய சங்கம் அரசாங்கக் கடையாகிவிட்டது என்று மக்கள் நினைக்கத் தொடங்கிய அந்த நாளிலிருந்து, களவு போனால் அது தங்கள் பொருள் என்று யாரும் கொதிக்கவில்லை.

இதில் என்னை வருத்துவது எதுவென்றால், கூட்டுறவு என்பது இடதுசாரிகள் போற்றிய சொல். அவர்களே அதன் உயிரை எடுத்தார்கள். முதலாளிக்கு எதிராக மக்களை நிறுத்தப் புறப்பட்டவர்கள், மக்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த இடத்தைக் காணவில்லை. வயல் விடயத்திலும் இப்படியே. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்த பிலிப் குணவர்தன மாக்சியவாதி; குளத்து நீரைப் பங்கிட்டுவந்த விதானை முறையை நீக்கி, விவசாயிகள் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தார். குத்தகை விவசாயிக்கு அந்தச் சட்டம் தந்த பாதுகாப்பு பெரியது. ஆனால் வாய்க்கால் துப்புரவுக்கு வராதவனை வரச் செய்யும் அதிகாரம் புதிய குழுக்களிடம் போதியளவு இருக்கவில்லை. பழைய விதானையின் குரலுக்கு இருந்த கனம் தேர்தலால் உடனே வந்துவிடவில்லை.

பண்டாரிக்குளத்துத் தம்பி சொத்துரிமையைப் பற்றி எழுதினார். அதற்கும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் பல கடைக்காரர் இன்றும் காணி உறுதிப்பத்திரம் இல்லாமல், அரச காணி அனுமதிப்பத்திரத்துடன் இருக்கிறார்கள். வங்கியில் ஈடு வைக்க முடியாமல் அலைகிறார்கள். இது இடதுசாரிகளின் வேலை என்று நினைப்போர் உண்டு. இதன் வேர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதைக் கொண்டுவந்தவர் டி.எஸ். சேனநாயக்க. அவர் மரபு பேணுபவர். விவசாயி காணியை விற்றுவிட்டு நடுத்தெருவில் நிற்கக் கூடாது, குடும்பக் காணி துண்டு துண்டாகக் கூடாது என்பதற்காகவே விற்பனைக்குத் தடை வைத்தார். மரபைப் பேணுவதும் சந்தையைத் திறப்பதும் ஒன்றென்று நாம் எண்ணுகிறோம். அவை பல இடங்களில் ஒன்றுக்கொன்று எதிரானவை.

பதில்: மடு வீதி

ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் 1990 முதல் பொருளாதாரத் தடையும், இடப்பெயர்வும், 2009உம் கடந்த ஒரு மண்ணில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடுவது பொருத்தமா? முழு ஊரும் பெயர்த்தெடுக்கப்பட்டு முகாமில் வைக்கப்பட்ட பிறகு எந்தச் சங்கம் மிஞ்சும்? எங்கள் கேடுகளுக்குக் காரணம் இடதும் அல்ல, வலதும் அல்ல.

பதில்: கனகராயன்

தம்பி, கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் தடைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் உரமும் வராத அந்த ஆண்டுகளில் வன்னி மக்கள் உயிரோடு இருந்தது எதனால்? கோயில் மடத்தில் கஞ்சி காய்ச்சியதால், பங்குத்தந்தையர் பள்ளிக்கூடம் நடத்தியதால், ஒரு வளவில் ஆறு குடும்பங்களை ஏற்றுக்கொண்டதால். அரசால் கைவிடப்பட்ட இடத்தில், அரசுக்கும் தனி மனிதருக்கும் நடுவில் இருந்த அமைப்புகளே தாங்கின. அந்தப் பழக்கம் முற்றாகச் செத்திருக்கவில்லை என்பதால்தான் ஆசிரியரின் கேள்வி இன்றும் கேட்கத் தக்கது.

பதில்: முள்ளியவளை மகள்

வணக்கம். நான் பெண்களின் கடன் பிரச்சினைகளில் பதின்மூன்று ஆண்டுகளாக முல்லைத்தீவு மாவட்டத்தில் வேலை செய்கிறேன். பண்டாரிக்குளத்து அண்ணாவுடன் நான் பெரும்பாலும் உடன்படவில்லை, அதற்கான காரணத்தை எழுதுகிறேன்.

ஊரின் பிணைப்பை அறுப்பது அரசு மட்டும் என்பது சரியல்ல. மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. அவர்கள் ஊரின் பிணைப்பையே ஈடாக வைத்துக்கொண்டார்கள்: ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். வாரக் கட்டு வசூலிக்க வருபவர் பணம் கிடைக்கும் வரை முற்றத்தை விட்டு எழும்ப மாட்டார். சிறு வயது முதல் ஒன்றாகத் தண்ணீர் அள்ளிய பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனதை நான் கண்டேன். ஒரு பெண் தன் தோழியின் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்று அழுதது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அந்த நிறுவனங்களைக் கொண்டுவந்தது எந்த இடதுசாரியும் இல்லை. சந்தையும் அரசைப் போலவே நடுவில் இருப்பதை விழுங்கும், மரபு பேணுவோர் இதை அரைக்குரலில்தான் சொல்கிறார்கள்.

ஆனாலும் ஆசிரியர் முன்வைத்த விமர்சனத்தை நான் தள்ளிவிடவில்லை. வீட்டுத்திட்டங்களின் அனுபவம் அதற்குச் சான்று. இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள், பெரும்பாலும் உரிமையாளரே கட்டும் முறையில், அமைந்தன. ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. அத்திவாரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், குசினி எங்கே இருக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரியே முடிவு செய்தாள். காசு போதாமல் கடன்பட்டவர்கள் ஏராளம், அந்தக் கடனையும் நான் அறிவேன். ஆனால் அது தன் வீடு என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. பிறகு 2016 அளவில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளைக் கொண்டுவந்து இறக்கும் திட்டம் பேசப்பட்டது. இந்த வெயிலுக்கு அது சூளையாகும், பின்னாளில் ஒரு பத்தி இறக்கவும் முடியாது, மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை இல்லாமல் போகும் என்று எங்கள் மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அன்றைய அரசு இடதுசாரி அரசு இல்லை. மேசையில் இருந்து ஊரை வரைபவர் எந்தக் கொடியைப் பிடித்தாலும் குசினி எங்கே என்று கேட்பதில்லை. எனக்கு இதுவே முக்கியமானது.

எல்லா இடதுசாரிகளும் அப்படி இருந்ததில்லை என்பதையும் ஆசிரியர் வகுப்பில் சொல்ல வேண்டும். கேரளத்தில் 1996இல் இடது முன்னணி தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூராட்சி மன்றங்களிடம் கொடுத்தது. அதே இடதுசாரிகள் 1977 முதல் 34 ஆண்டுகள் ஆண்ட மேற்கு வங்கத்தில், குடும்பச் சண்டைக்கும் கட்சி அலுவலகத்துக்கே போக வேண்டிய நிலை உருவானது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கோட்பாடு ஒன்றுதான், ஆனால் ஓரிடத்தில் ஊர் மன்றத்துக்கு நிதி போனது, மற்ற இடத்தில் ஊர் மன்றத்தின் இடத்தில் கட்சி உட்கார்ந்தது.

பதில்: ஸ்காபரோவில் ஒரு கிளிநொச்சியான்

மாணவியின் மாமாவைப் போல நானும் இங்கிருந்து காணொளிகள் அனுப்புபவன்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் ரீஜன்ட் பார்க் என்ற குடியிருப்பு இருக்கிறது. 1940களின் இறுதியில் பழைய தொழிலாளர் தெருக்களை இடித்து, கனடாவின் முதற்பெரும் அரச வீட்டுத்தொகுதியாக அதைக் கட்டினார்கள். குறுக்குத் தெருக்களை மூடி, கடை எதுவும் இல்லாமல், ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் வைத்தார்கள். என் அக்கா குடும்பம் வந்த புதிதில் அங்கே இருந்தது. பால் வாங்குவதற்கும் தொகுதியை விட்டு வெளியே நடந்து போக வேண்டும் என்று சொல்வார். 2005இல் தொடங்கி அதை இடித்து, தெருக்களைத் திறந்து, வருமானம் கூடியவரும் குறைந்தவரும் கலந்து வாழும்படி மீண்டும் கட்டி வருகிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் 33 பதினொரு மாடிக் கட்டடங்களாக 1950களில் எழுந்த புரூட் ஐகோ, இருபது ஆண்டு நிறைவதற்குள் 1972இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. மரபு பேணுவோர் இவற்றைச் சுட்டிக்காட்டுவதில் தவறில்லை. அங்கே பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்ததும், அந்த நகரமே மக்களை இழந்துகொண்டிருந்ததும் சரிவுக்குக் காரணங்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு மாறாக, வியன்னா நகரில் சமூக சனநாயகவாதிகள் 1919 முதல் 1934 வரை 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் விரும்பி வாழப்படும் இடங்கள். அவர்கள் வீட்டோடு சேர்த்து முற்றம், சலவைக்கூடம், பாலர் பாடசாலை, வாசிகசாலை எல்லாம் வைத்தார்கள். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும்போது தாய்மார் சன்னலால் பார்க்கலாம். கிளிநொச்சியில் எங்கள் வாசிகசாலை வாசலில் பெரியவர்கள் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த நினைவு எனக்கு வருகிறது. அந்தப் பார்வைக்குப் பயந்தே நாங்கள் சிகரெட் தொடவில்லை.

நான் அனுப்பிய காணொளிகளில் வியன்னா ஒருபோதும் இருந்ததில்லை. தெரிந்தெடுத்துக் காட்டியதற்காக வருந்துகிறேன்.

பதில்: பண்டாரிக்குளத்தான்

முள்ளியவளைத் தங்கைக்கு: நுண்கடனைப் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். அஸ்வெசுமவை இடதுசாரிகளோடு சேர்த்தது என் பிழை, ஐயா திருத்தியதற்கு நன்றி. வாடகைச் சட்டத்தைப் பற்றிய கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன். இப்போதைய அரசு கூட்டுறவுகளைப் பற்றியும் மக்கள் குழுக்களைப் பற்றியும் பேசும்போது, 1970இல் நடந்ததை அவர்களிடம் யாராவது எழுத்தில் கொடுக்க வேண்டும். நியமன உறுப்பினர் பெரும்பான்மையாக வந்தால் அந்தச் சங்கத்துக்கு என் சந்தாப் பணம் போகாது.

ஓமந்தை ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. மாணவியின் கேள்விக்கு ஆம், இல்லை என்று விடை சொல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அடுத்த பாடத்தில் ஒரிகனையும் கலிபோர்னியாவையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மிகுதி நேரத்தைக் கனகராயன் ஐயா எழுதிய சங்கத்தின் கதைக்கு ஒதுக்கப் போகிறேன். வகுப்பில் இருக்கும் இருபத்தேழு பேரிலும் எத்தனை பேரின் வீட்டார் ஏதாவது ஒரு சங்கத்தின் கணக்கை வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள் என்று நேற்றுக் கை உயர்த்தச் சொன்னேன். நான்கு கைகள் உயர்ந்தன. அவற்றில் மூன்று கோயில் பரிபாலன சபை, ஒன்று கமக்கார அமைப்பு. நகரப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் ஒருவரும் கை உயர்த்தவில்லை.

ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். இணைப்புக்கு முந்திய கூட்டறிக்கைப் புத்தகம் ஏதாவது, இத்தனை இடப்பெயர்வுக்குப் பிறகும் தங்களிடம் மிஞ்சியிருக்கிறதா?

கனகராயன்

புத்தகம் 2009இல் மாத்தளனில் விட்ட பெட்டியோடு போய்விட்டது. ஆனால் 1970ஆம் ஆண்டின் கடைசிப் பொதுக்கூட்டத்தில் நான் எடுத்த குறிப்பை வேறொரு கொப்பியில் பிரதி செய்து வைத்திருந்தேன், அது மூத்த மகளின் காணி அனுமதிப்பத்திரத்தோடு ஒரே உறையில் தப்பியது. ஆறு பக்கம். மண்ணெண்ணெய்க் கணக்கும் அதில் இருக்கிறது. புதன்கிழமைகளில் கண் சிகிச்சைக்கு வவுனியாவுக்கு வருகிறேன்; பாடசாலை முடிய முன்னர் ஓமந்தையில் இறங்கலாம். பிள்ளைகள் கணக்கை உரத்து வாசிக்கட்டும். இடையில் மறித்துக் கேட்கவும் சொல்லுங்கள்.